ராஜாஜி இருமுறை விட்டுப்போன கட்சி

1957 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியிலிருந்து ராஜாஜி முறைப்படி விலகியபோது அவருக்கு வயது 78. 1906இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனதிலிருந்து எண்ணினால் அது அரை நூற்றாண்டு உறவு. காந்தியைச் சந்தித்த 1919இலிருந்து எண்ணினாலும் 38 ஆண்டுகள். சென்னை மாகாணப் பிரதமர், மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர், சென்னை மாநில முதலமைச்சர் என்று அவர் வகித்த பெரிய பொறுப்புகள் எல்லாமே காங்கிரஸ் வழியாக வந்தவை. அந்த வயதில், இனி அடைய வேண்டிய பதவி எதுவும் மிச்சமில்லாத ஒருவர், வாழ்நாள் முழுவதும் இருந்த கட்சியை விட்டு ஏன் போகிறார்? இந்தக் கேள்விக்கு 1957இல் மட்டும் பதில் தேடினால் கிடைக்காது. அவர் காங்கிரஸை விட்டது அதுதான் முதல் தடவை என்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை போய், திரும்பியும் வந்திருந்தார்.

அந்தக் காலத்துக் காங்கிரஸில் உறுப்பினராக இருப்பது என்பதை இன்றைய கட்சி அட்டையோடு ஒப்பிட முடியாது. 1920 நாகபுரி மாநாட்டில் காந்தி வகுத்த அமைப்பு விதிகளின்படி நாலணா சந்தா கட்டிய எவரும் உறுப்பினர். காந்தியே 1934இல் அந்த நாலணா உறுப்பினர் பதவியையும் விட்டுவிட்டார். ஆனாலும் காங்கிரஸின் பெரிய முடிவுகள் அவர் இருந்த ஊரில்தான் எடுக்கப்பட்டன. கட்சி ஒரே நேரத்தில் இயக்கமாகவும் இருந்ததால் வாசல் இரண்டு பக்கமும் திறந்தே கிடந்தது. ஆந்திரத்துப் பிரகாசம் 1951இல் காங்கிரஸை விட்டுப் போய், 1952 தேர்தலில் அதை எதிர்த்து நின்று, 1953இல் காங்கிரஸ் ஆதரவுடனேயே ஆந்திரத்தின் முதல் முதலமைச்சரானார். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது 1985இல்தான். அதற்கு முன் கட்சி மாறினால் சட்டமன்ற இடம் பறிபோகும் என்ற பயம் எவருக்கும் கிடையாது.

ராஜாஜியோ அந்தத் திறந்த வாசல் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளாகத்தான் வெகுகாலம் பெயர் வாங்கியிருந்தார். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, சேலத்தில் கைநிறையச் சம்பாதித்த வழக்கறிஞர். அந்த நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். 1922 கயா மாநாட்டில் சி.ஆர். தாஸும் மோதிலால் நேருவும் சட்டசபைக்குள் நுழைய வேண்டும் என்று வாதாடியபோது, சிறையிலிருந்த காந்தியின் வழியை மாற்றக் கூடாது என்று எதிரணியை நடத்தி வெற்றி பெற்றவர் இவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நடந்து உப்பு எடுத்தார். 1937இல் மாகாணப் பிரதமரானார்; 1939இல், போர் தொடங்கியதும், பதவி விலகுங்கள் என்று கட்சி சொன்னபோது விலகினார். கட்சிக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கு அவரைத்தான் உதாரணம் காட்டியிருப்பார்கள்.

முரண்பாடு முளைத்தது போர் விஷயத்தில். தேசிய அரசாங்கம் ஒன்றை அமைக்க விட்டால் பிரிட்டனுக்குப் போரில் ஒத்துழைக்கலாம் என்பது ராஜாஜியின் எண்ணம். 1940 ஜூலையில் காந்தியின் விருப்பத்துக்கு மாறாகக் காங்கிரஸ் காரியக் கமிட்டியையே அந்தப் பக்கம் திருப்பினார். பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. கட்சிக்குள் வாதாடிப் பெரும்பான்மை பெற முடிந்தவரை வெளியேறும் பேச்சு எழவில்லை.

1942இல் நிலைமை வேறு. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்மாவட்டங்களுக்கு ஓடினார்கள். கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது. டெல்லியிலோ வார்தாவிலோ இருந்த தலைவர்களைவிட வங்கக் கடலோரத்தில் இருந்தவருக்கு ஆபத்து பக்கத்தில் தெரிந்தது. முஸ்லிம் லீக்குடன் சமரசம் செய்துகொண்டால் தேசிய அரசாங்கம் கிடைக்கும், அதற்கு விலையாகப் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்கலாம் என்பது அவர் கணக்கு. ஏப்ரல் 23 அன்று சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி அவர் சொற்படி அப்படியே தீர்மானம் போட்டது. சில நாட்களில் அலகாபாதில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அந்த யோசனையை 120க்கு 15 என்ற கணக்கில் தோற்கடித்தது.

காரியக் கமிட்டியிலிருந்து ராஜாஜி விலகினார். பிறகு ஊர் ஊராகப் போய்த் தன் கருத்தைப் பேசினார். கட்சி முடிவை எதிர்த்துப் பேசிக்கொண்டே கட்சியில் இருப்பது முறையல்ல என்ற நெருக்கடி வந்தபோது, 1942 ஜூலையில் காங்கிரஸ் உறுப்பினர் பதவியையும் சட்டமன்ற இடத்தையும் சேர்த்தே விட்டார். இரண்டாவதை விடச் சொல்லி எந்தச் சட்டமும் அப்போது இல்லை. கட்சி கொடுத்த இடம், கட்சியை விட்டபின் தன்னிடம் இருக்கக் கூடாது என்று அவரே போட்டுக்கொண்ட விதி அது. ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. சகாக்கள் எல்லோரும் சிறைக்குள், ராஜாஜி வெளியே. அவரைத் துரோகி என்று தூற்றாத காங்கிரஸ் தொண்டர் அன்று அரிது.

ஆனால் இந்த விலகலில் ஒரு விசேஷம் உண்டு. காந்தியிடமிருந்து அவர் விலகவே இல்லை. 1943இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது போய்ப் பார்த்து, தன் சமரசத் திட்டத்துக்கு அவர் ஒப்புதலையும் வாங்கினார். ராஜாஜி திட்டம் என்று பெயர் பெற்ற அந்த வரைவை வைத்துத்தான் 1944 செப்டம்பரில் பம்பாயில் காந்தியும் ஜின்னாவும் பேசினார்கள். பேச்சு முறிந்தது. ஆனாலும் கட்சிக்கு வெளியே இருந்தவரின் யோசனை கட்சியின் ஆதாரமான தலைவரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பி வருவதற்கான ஏணி எடுக்கப்படாமலே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சம்பந்தி உறவும் இருந்தது; ராஜாஜியின் மகள் லட்சுமி, காந்தியின் மகன் தேவதாஸின் மனைவி.

1945இல் ராஜாஜி காங்கிரஸுக்குத் திரும்பினார். டெல்லி வரவேற்றது. தமிழ்நாடு வரவேற்கவில்லை. 1940இலேயே தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் ராஜாஜி நிறுத்திய ஆளைச் சத்தியமூர்த்தியின் ஆதரவோடு காமராஜ் தோற்கடித்திருந்தார். சத்தியமூர்த்தி 1943இல் காலமானார். காமராஜ் சிறையில் கிடந்து, வெளியே வந்து, மாவட்டந்தோறும் கட்சியைக் கையில் வைத்திருந்தார். தாங்கள் சிறையில் இருந்தபோது வெளியே இருந்தவர் இப்போது மேலே உட்கார வருகிறார் என்ற கசப்பு தொண்டர்களிடம் இருந்தது. 1946 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த காந்தி, ராஜாஜியை எதிர்ப்போரை ஒரு சிறு கும்பல் என்னும் பொருள்பட ஹரிஜன் இதழில் எழுதினார். அதனால் புண்பட்ட காமராஜ் தேர்தல் குழுவிலிருந்து விலகினார். மேலிடம் விரும்பியும் சென்னைச் சட்டமன்றக் கட்சி ராஜாஜியைத் தலைவராக ஏற்க மறுத்துவிட்டது. பிரகாசம் பிரதமரானார்; ராஜாஜி டெல்லிக்குப் போய் இடைக்கால அரசில் அமைச்சரானார்.

முதல் விலகலின் கடன் அதோடு தீர்ந்துவிடவில்லை. குடியரசின் முதல் தலைவர் யார் என்ற பேச்சு 1949இல் எழுந்தபோது, கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியே தொடரட்டும் என்று நேரு நினைத்தார். காங்கிரஸ் உறுப்பினர்கள், குறிப்பாக வடக்கத்தியர், எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் 1942. ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார். நெடுங்காலம் விசுவாசமாக இருந்தவர் ஒருமுறை வெளியே போய் வந்தால், கட்சி அவருக்கு வேலை கொடுக்கும், மரியாதை கொடுக்கும். ஆனால் முதல் வரிசை நாற்காலி என்று வரும்போது பழைய பேரேட்டைப் புரட்டும். ராஜாஜியின் வாழ்க்கையில் இது அப்பட்டமாகவே நடந்தது.

1952இல் அவரை மறுபடி அழைத்தது அவரைக் கைவிட்ட அதே தமிழ்நாடு காங்கிரஸ்தான். பொதுத்தேர்தலில் 375 இடங்களில் 152 மட்டுமே காங்கிரஸுக்குக் கிடைத்தன. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்த அணி ஆட்சிக்கு உரிமை கோரியது. இந்த இக்கட்டிலிருந்து மீட்க ஒரு சாமர்த்தியசாலி தேவைப்பட்டார். ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். இந்தக் குறுக்கு வழி நேருவுக்கே பிடிக்கவில்லை. 1937இல் ராஜாஜி நின்று வென்ற தொகுதியும் பல்கலைக்கழகத் தொகுதிதான். சாதாரண வாக்காளர்களிடம் சொந்தமாக ஒரு தொகுதியை அவர் எப்போதும் வளர்த்துக்கொள்ளவில்லை என்பது, பின்னால் கட்சியை விட்டபோது அவருக்கு எதிராக வேலை செய்த பெரிய விஷயம்.

முதல்வராக உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது பாராட்டைத் தந்தது. 1953இல் கிராமப்புறங்களில் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் அவரைச் சாய்த்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்ன அந்தத் திட்டத்துக்கு எதிரிகள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெயர் ஒட்டிக்கொண்டது, ஒட்டிக்கொள்ளக் காரணமும் இருந்தது. திராவிடர் கழகமும் தி.மு.கவும் தெருவில் எதிர்த்தன. காமராஜும் கட்சியில் பெரும்பாலோரும் உள்ளே எதிர்த்தனர். 1954இல் உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் விலகினார். வாரிசாக அவர் ஆதரித்த சி. சுப்பிரமணியம் 41 வாக்குகள் பெற்றார்; காமராஜ் 93. முதல்வரான காமராஜ் அந்தக் கல்வித் திட்டத்தை உடனே கைவிட்டார்.

அங்கே தொடங்கிய இரண்டாவது விலகல் முடிவதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. முதலில் வந்தது மௌனம். 1954இலும் 1955இலும் அவர் கல்கி வார இதழில் ராமாயணத்தைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். சக்கரவர்த்தித் திருமகன் என்ற அந்த நூல் 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அரசியலில் தோற்ற நேரம் தமிழ் வாசகர்களுக்கு லாபமாயிற்று. அதே காலத்தில் கட்சி வேறு திசையில் நகர்ந்தது. 1955 ஜனவரியில், சென்னையின் புறநகரான ஆவடியில்தான், சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று காங்கிரஸ் தீர்மானித்தது. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையாயிற்று. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. அரசு எல்லாவற்றையும் கையில் எடுப்பது சர்வாதிகாரத்துக்கு வழி என்று ராஜாஜி எழுதத் தொடங்கினார். அனுமதி, உரிமம், ஒதுக்கீடு என்ற மூன்றையும் சேர்த்து அந்த ஆட்சிக்கு அவர் சூட்டிய கேலிப் பெயரைத்தான் லைசென்ஸ் ராஜ் என்று சுருக்கி இன்றைய பொருளாதாரக் கட்டுரைகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் 1957இல் அவரை வாசலுக்கு வெளியே தள்ளியது சோஷலிசம் மட்டுமென்று சொன்னால் அது பாதிக் கதை. தமிழ்நாடு காங்கிரஸில் அவர் ஆட்கள் ஓரங்கட்டப்பட்டிருந்தார்கள். பொதுத்தேர்தல் நெருங்கியபோது அதிருப்தியாளர்கள் காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டி என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ராஜாஜி விலகி அதற்குத் துணை நின்றார். பெயரைக் கவனித்தால் அப்போதைய மனநிலை தெரியும்: கட்சியை ஒழிப்பதல்ல, திருத்துவது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்று ஆட்சியைத் தக்கவைத்தது. சீர்திருத்தக்காரர்கள் ஒரு சிறு குழுவாக மட்டுமே சட்டமன்றத்துக்குள் போனார்கள். 1957 செப்டம்பரில் மதுரையில் கூடி, இந்தியத் தேசிய ஜனநாயகக் காங்கிரஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதிலும் காங்கிரஸ் இருந்தது. சித்தாந்தச் சண்டை முழு உருவம் எடுத்தது அதற்குப் பிறகுதான். மாநிலத்தில் இடம் இல்லாமல் போனதும், தேசத்தின் போக்குப் பிடிக்காமல் போனதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எது முதலில் என்று அவருடைய ஆதரவாளர்களும் எதிரிகளும் வெவ்வேறு பதில் சொல்வார்கள். தேதிகளை வைத்துப் பார்த்தால் கட்சிப் பூசல் முந்தியது, கொள்கை அதைக் கெட்டிப்படுத்தியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

விலகியவரோடு யார் போனார்கள் என்பதைவிட யார் போகவில்லை என்பது கூடுதலாகச் சொல்லும். அவர் வளர்த்த சி. சுப்பிரமணியம் போகவில்லை, தன்னை எதிர்த்து நின்றவரையே காமராஜ் அமைச்சராக்கியிருந்தார். பிறகு மத்திய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழி வகுத்தார் சுப்பிரமணியம். பக்தவத்சலமும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜாஜியின் மகன் சி.ஆர். நரசிம்மனே போகவில்லை. 1952இலும் 1957இலும் கிருஷ்ணகிரியிலிருந்து காங்கிரஸ் வேட்பாளராக மக்களவைக்குப் போனவர் அவர். தந்தை காங்கிரஸை வீழ்த்தக் கட்சி கட்டிய காலத்தில் மகன் காங்கிரஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 1942இல் ஏறத்தாழ தனியாகப் போனவர் 1957இலும் பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நிலம் வைத்திருந்தோர் கலங்கினார்கள். ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் முதல் மாநாடு. காங்கிரஸ் என்ற சொல் அவருடைய அரசியலிலிருந்து அப்போதுதான் முற்றிலும் உதிர்ந்தது. அப்போது அவருக்கு 80 வயது. கட்சித் தலைவராக அமர்ந்தவர் ஆந்திர விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்கா, மினு மசானி பொதுச்செயலாளர், கே.எம். முன்ஷியும் வந்து சேர்ந்தார். இவர்களில் பழைய காங்கிரஸ்காரர்களிடம் ஓர் ஒற்றுமை இருந்தது. முன்ஷி 1941இல் காங்கிரஸை விட்டு 1946இல் திரும்பியவர். ரங்கா 1951இல் விட்டுத் தனிக்கட்சி கண்டு, பின் திரும்பியவர். ராஜாஜி 1942இல் போய் 1945இல் வந்தவர். முதல் தடவை போகிறவர் பெரும்பாலும் ஒரு கேள்வியில் முரண்பட்டுப் போகிறார். கட்சிக்கு அவர் தேவைப்பட்டால் கூப்பிடுகிறது. இரண்டாம் தடவை போகும்போது கூப்பிடக் கட்சிக்குக் காரணம் இருப்பதில்லை. 1945இல் காங்கிரஸுக்கு ராஜாஜியின் பேச்சுவார்த்தைத் திறன் தேவை. 1957இல் காமராஜுக்கும் நேருவுக்கும் அவர் இல்லாமலே தேர்தல்களை வெல்ல முடிந்தது.

சுதந்திராக் கட்சி 1962இல் மக்களவையில் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் வென்றது. 1967இல் அவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சி அதுதான். ஆனால் அதன் பலம் ராஜஸ்தான், குஜராத், ஒரிசா மன்னர் குடும்பங்களிடமும் பெருநிலக்காரர்களிடமும் இருந்தது. சொந்த மாநிலத்தில் காங்கிரஸை அகற்ற ராஜாஜி நாடியது தி.மு.கவை. ஒரு காலத்தில் அவரைக் குல்லுகபட்டர் என்று ஏசிய இயக்கம் மூதறிஞர் என்று அழைக்கத் தொடங்கியது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், அறுபதுகளில் இந்தித் திணிப்பை எதிர்த்து அவர்களோடு ஒரே குரலில் பேசினார். பூணூலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் உதயசூரியனுக்கு வாக்களியுங்கள் என்று அவர் பிராமணர்களுக்குச் சொன்னதாக இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. 1967இல் காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகரில் காமராஜே தோற்றார். சட்டமன்றத்தில் சுதந்திராக் கட்சிக்கு 20 இடம். ஆனால் 234இல் 137 இடங்களைத் தி.மு.க. தனியாகவே வென்றுவிட்டதால் ஆட்சி அமைக்க ராஜாஜியின் தயவு வேண்டியிருக்கவில்லை. கட்சியை விட்ட மூத்தவர் தன் பழைய கட்சியைத் தோற்கடிக்க உதவலாம். வெற்றியின் பலனை அவரே அறுவடை செய்வது அபூர்வம். 1937இல் சேலம் மாவட்டத்தில் அவர் தொடங்கி வைத்த மதுவிலக்கை 1971இல் கருணாநிதி அரசு தளர்த்த முனைந்தது. கொட்டும் மழையில் முதல்வரின் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று கேட்டார். கேட்டபடி நடக்கவில்லை.

நேருவோடு நட்பு மட்டும் கடைசிவரை முறியவில்லை. பத்தாண்டு காலம் ஓயாமல் எதிர்த்து எழுதியவர், 1964இல் நேரு இறந்தபோது, தன்னைவிடப் பதினோரு வயது இளையவர், தன்னைவிட நாட்டுக்குப் பன்மடங்கு முக்கியமானவர் என்ற பொருளில் இரங்கல் எழுதினார். காமராஜோடும் காலம் ஒரு திருப்பம் வைத்திருந்தது. 1969இல் காங்கிரஸ் உடைந்து, காமராஜ் இந்திராவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1971 தேர்தலில் அவருடைய பழைய காங்கிரஸும் சுதந்திராக் கட்சியும் கூட்டு சேர்ந்து, முப்பதாண்டுப் பகைவர்கள் ஒரே மேடையில் ஏறினார்கள். தமிழ்நாட்டில் அந்த அணிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் நாகர்கோவிலில் காமராஜ் வென்றது. இந்தியா முழுவதும் சுதந்திராக் கட்சிக்கு எட்டு இடங்களே மிஞ்சின.

ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று காலமானார். 1974இல் சுதந்திராக் கட்சி சரண்சிங்கின் தலைமையில் உருவான பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அதன் முதல் தலைவரான ரங்கா மூன்றாம் முறையாகக் காங்கிரஸுக்கே வந்து, 1980, 1984, 1989 தேர்தல்களில் அந்தக் கட்சியின் சார்பில் குண்டூரிலிருந்து மக்களவைக்குப் போனார்.